பரணில் கிடக்கும் ரயில் செட்டையும் ஸ்லாட் கார் செட்டையும் மறுபடி ஓடவைப்பது எப்படி?

சிறு வயதில் விளையாடிய மின்சார ரயில் செட்டோ, தடத்திலுள்ள பள்ளத்தைப் பற்றிக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் ஸ்லாட் கார் செட்டோ பல ஆண்டுகள் கழித்துக் கைக்குத் திரும்பும்போது, பெட்டியைத் திறந்த அடுத்த நிமிடமே அதைப் பிளக்கில் மாட்டி ஓட்டிப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். அந்த ஆசையைச் சில நாட்களுக்குத் தள்ளிப்போடுங்கள் என்பதே இக்கட்டுரையின் முதல் வேண்டுகோள். இந்தப் பொம்மைகள் உறுதியாகச் செய்யப்பட்டவை. பல பத்தாண்டுகள் பரணில் கிடந்ததால் மட்டும் அவை வீணாகிவிடுவதில்லை. இறுகிப்போன எண்ணெயோடும் கறுத்துப்போன உலோக முனைகளோடும் அவற்றுக்குள் மின்சாரம் பாய்ச்சப்படும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் ஆபத்து மிகுதி.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். செட்டைப் புதிதுபோல மின்னவைக்கப் போகிறோமா, அந்தக் காலத்தில் ஓடியதுபோல ஓடவைக்கப் போகிறோமா? நான் இரண்டாவதன் பக்கம். மோட்டார் சூடானதும் எழும் எண்ணெய் வாசனை, தண்டவாள இணைப்புகளைச் சக்கரம் கடக்கும்போது எழும் டக்டக் ஒலி, கண்ட்ரோலர் குமிழைத் திருகும்போதும் விசையை அழுத்தும்போதும் விரலுக்குத் தட்டுப்படும் அந்த இறுக்கம் ஆகியவற்றில்தான் சிறு வயது நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயின்டின் பளபளப்புக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆகவே எதைத் துடைக்கலாம், எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று ஐயம் எழும்போதெல்லாம், ஓட்டத்துக்கு உதவுவதைச் செய்வது, தோற்றத்துக்காக மட்டும் செய்வதைத் தவிர்ப்பது என்ற அளவுகோலையே வைத்துக்கொள்ளலாம்.

எந்த வகை செட் என்று அறிதல்

பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதற்கு முன், அவை அடுக்கப்பட்டிருக்கும் நிலையிலேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைத் தடுப்புகள், கசங்கிய விளக்கத்தாள், மூலையில் உருண்டு கிடக்கும் குட்டித் திருகு, மெல்லிய சுருள்வில் என எதையும் வீசிவிடக் கூடாது; மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷை அழுத்திப் பிடித்திருந்ததே அந்தச் சுருள்வில்லாக இருக்கலாம். பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் மட்டும் உடனே அகற்றிவிட வேண்டும். அது நாளடைவில் பிசுபிசுத்து, தொட்டுக்கொண்டிருக்கும் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ஸ்கேலை எடுத்து, இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். 32 மி.மீ. இருந்தால் அது ஓ கேஜ். 16.5 மி.மீ. என்றால் எச்.ஓ. அல்லது ஓ.ஓ.; 12 மி.மீ. என்றால் டி.டி.; 9 மி.மீ. என்றால் என் கேஜ். 1972ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் கொண்டுவந்த இசட் கேஜுக்கு வெறும் 6.5 மி.மீ.தான். எச்.ஓ.வுக்கும் ஓ.ஓ.வுக்கும் தண்டவாள அகலம் ஒன்றே ஆனாலும், முன்னது அசல் ரயிலின் 87இல் ஒரு பங்கு, பின்னது 76இல் ஒரு பங்கு. பிரிட்டனில் அசல் எஞ்சின்களே சற்றுச் சிறியவை என்பதால், 87இல் ஒரு பங்காகச் செய்தால் அன்றைய மோட்டார் அதற்குள் அடங்காது. அதனால்தான் அங்கே உடலைப் பெரிதாக்கி, தண்டவாளத்தை மட்டும் எச்.ஓ. அளவிலேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே தடத்தில் ஓட்டத் தடையில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் அளவு ஒவ்வாமல் தெரியும்.

மின்சாரத்தின் வகையை அறிவது இதைவிட முக்கியமானது. இரண்டு தண்டவாளங்கள் மட்டும் உள்ள பெரும்பாலான செட்டுகள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில், அதாவது டி.சி.யில் ஓடுபவை. மார்க்லினின் எச்.ஓ. செட்டுகள் நடுவே ஒரு மூன்றாம் தண்டவாளத்தையோ, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் நடுவில் தலைகாட்டும் சிறு குமிழ்களையோ கொண்டு, ஏறத்தாழ 16 வோல்ட் மாறுமின்சாரத்தில், அதாவது ஏ.சி.யில் இயங்குபவை, திசை மாற்ற ஒரு கணம் ஏறத்தாழ 24 வோல்ட் துடிப்பை அனுப்ப வேண்டும். ஜோஷுவா லயனல் கோவன் 1900ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனத்தின் பழைய ஓ கேஜ் ரயில்களும் மூன்று தண்டவாளங்களில், ஏ.சி.யில் ஓடுபவையே. மூன்று தண்டவாளம் என்றால் ஏ.சி.தான் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. பிரிட்டனில் 1938இல் வெளிவந்த ஹார்ன்பி டப்லோ மூன்று தண்டவாளங்கள் கொண்டதாக இருந்தும் 12 வோல்ட் டி.சி.யில்தான் ஓடியது, அது இரண்டு தண்டவாளங்களுக்கு மாறியது 1959இல். நிலைக்காந்தம் உள்ள டி.சி. மோட்டாருக்கு ஏ.சி. கொடுத்தால், எஞ்சின் நகராமல் உறுமிக்கொண்டே சூடேறி, சுருள் கருகிவிடும். ஐயம் இருந்தால் எஞ்சினின் அடித்தகட்டிலும் டிரான்ஸ்ஃபார்மரின் முதுகிலும் பொறித்திருப்பதைப் படித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஸ்லாட் கார்களில் அடையாளம் காண்பது எளிது. ஃப்ரெட் ஃப்ரான்சிஸ் என்பவர் முதலில் சாவி கொடுத்து ஓட்டும் தகரக் கார்களைச் செய்துகொண்டிருந்தார். அவற்றுக்கு மின்மோட்டாரும், பள்ளம் கொண்ட தடமும் கொடுத்து, 1957இல் பிரிட்டனின் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். அதன் கார்கள் 32இல் ஒரு பங்கு அளவு. தொடக்ககாலத் தடங்கள் ரப்பரால் ஆனவை, பிளாஸ்டிக் பின்னர் வந்தது. ஜெர்மனியில் 1963 முதல் கரேரா. அமெரிக்காவில் அரோரா நிறுவனம் 1960இல் உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கார்களைக் கொண்டுவந்தது, எச்.ஓ. ரயிலுக்குப் பக்கத்தில் சாலையாக வைக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததால், இன்றும் அந்த அளவுக் கார்களை எச்.ஓ. கார்கள் என்றே அழைக்கிறார்கள். வெவ்வேறு நிறுவனத்தின் தடத்துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தா. விடுபட்ட துண்டுகளைத் தேடி வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல், இணைப்பு முனையின் வடிவத்தையும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்

இந்த ஒரு பொருளில் மட்டும் பழமைக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டு மின்சாரம் நேராக நுழையும் இடம் அது. பழைய வயர்களின் ரப்பர் உறை காலப்போக்கில் இறுகி, வளைத்தால் வெடித்து உதிரும். உள்ளே செம்பு வெளியே தெரியும். உலோகக் கூடு கொண்ட பல பழைய பெட்டிகளுக்கு எர்த் இணைப்பும் இராது. வயரை மெல்ல வளைத்துப் பார்க்கும்போதே விரிசல் தெரிந்தால், அதைப் பிளக்கில் மாட்டவே கூடாது. செட் வேறு நாட்டிலிருந்து வந்தது என்றால் உள்ளீட்டு வோல்ட்டையும் பார்க்க வேண்டும். 120 வோல்ட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டில் மாட்டினால் அது சில நொடிகளில் புகைந்துபோகும்.

சில பழைய டி.சி. பெட்டிகளுக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்ற, உலோகத் தகடுகளை வரிசையாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபயர் இருக்கும். அது பழுதாகும்போது மூக்கைத் துளைக்கும் துர்நாற்றத்துடன் நச்சுப்புகை எழும். அப்படி நாற்றம் வந்தால் பிளக்கைப் பிடுங்கி, சன்னல்களைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

நல்ல வழி, அதே வோல்ட் தரும் புதிய பவர் சப்ளையோ கண்ட்ரோலரோ வாங்கிக்கொண்டு, பழையதை அதன் இடத்தில் அழகுக்காக வைத்துவிடுவதுதான். எச்.ஓ., ஓ.ஓ., என் கேஜ் ரயில்களுக்கு 1 ஆம்பியர் தருவது போதும். கையில் கிடைத்த கம்ப்யூட்டர் அடாப்டரை மாட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது பல ஆம்பியர்களை அள்ளித் தரும் என்பதால், ரயில் தடம்புரண்டு இரு தண்டவாளங்களையும் ஒன்றாகத் தொட்டால் மெல்லிய வயர்கள் உருகும். இப்படிக் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் தானாகவே நின்றுவிடும் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்லாட் கார்களில் கையில் பிடிக்கும் கண்ட்ரோலருக்குக் குறைந்த வோல்ட் மட்டுமே வருகிறது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாக்கிவிட்டு, விரலுக்குப் பழகிய அந்தப் பழைய கண்ட்ரோலரை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சினைத் திறத்தல்

மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல்தான் எஞ்சினைத் திறக்க வேண்டும்; தெறிக்கும் சிறு உறுப்புகள் துணியில் தங்கும், கண்ணுக்கும் தெரியும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடல் கழன்றதும் சக்கரங்களை விரலால் உருட்டிப் பார்க்கும் எண்ணம் வரும். அதைச் செய்யாதீர்கள். பல எஞ்சின்களில் மோட்டாரின் அச்சில் ஒரு திருகுப் பல்லும் சக்கர அச்சில் ஒரு பல்சக்கரமும் பொருந்தியிருக்கும். இந்த அமைப்பில் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. வலிந்து உருட்டினால் பல் உடையும். அதற்குப் பதிலாக மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரை விரல் நுனியால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், மஞ்சள் நிறத்தில் பிசின்போல் உறைந்த எண்ணெய்தான் காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, மீதியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். பெயின்ட் அடித்த இடங்களில் ஆல்கஹால் படக் கூடாது. எழுத்துகளும் கோடுகளும் கரைந்து வந்துவிடும்.

கம்யூட்டேட்டரில்தான் முழுக் கவனமும் வேண்டும். ஆர்மேச்சரின் ஒரு முனையில், செம்பாலான வளைவுத் துண்டுகள் பெரும்பாலும் மூன்றாக, இடையே மெல்லிய பிளவுகளோடு உருளை வடிவில் அமைந்திருக்கும். இரு பக்கத்திலிருந்தும் கார்பன் பிரஷ்கள் அதன்மேல் அழுத்தி உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்துகின்றன. அந்த உரசலில் உதிரும் கரித்தூளும் எண்ணெயும் சேர்ந்து செம்பைக் கறுப்பாக்கும், பிளவுகளிலும் அடைந்துகொள்ளும். பிளவில் கரி அடைந்தால் அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே மின்சாரம் கசிந்து, மோட்டார் சூடாகும், வலுவிழக்கும். ஆல்கஹால் தோய்ந்த பஞ்சைச் செம்பின்மேல் வைத்து, ஆர்மேச்சரை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தால், பஞ்சில் கறுப்பு இறங்க இறங்கச் செம்பின் சிவப்பு மெல்ல மெல்லத் தெரியவரும். பிறகு கூர்சீவிய மரக்குச்சியை ஒவ்வொரு பிளவிலும் ஒரு முறை இழுத்தால் போதும். ஊசியோ பிளேடோ வேண்டாம். செம்பின் விளிம்பில் பிசிறு எழுந்தால் அது பிரஷை அரித்துவிடும். பிரஷ்கள் தேய்ந்து குட்டையாகியிருந்தாலோ, அவற்றின் சுருள்வில் வலுவிழந்திருந்தாலோ புதியன மாற்றலாம். பெயர்பெற்ற பழைய எஞ்சின்களுக்கு இவற்றை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

மோட்டாரை முழுவதுமாகப் பிரிக்க வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மூடிய கூடு இல்லாத பழைய மோட்டார்களில் இருப்பவை அல்னிகோ என்ற உலோகக் கலவையாலான காந்தங்கள். இரு துருவங்களுக்கு நடுவிலிருந்து ஆர்மேச்சரை எடுத்துவிட்டால், இடைவெளியை நிரப்ப இரும்பு ஏதும் இல்லாமல் காந்தம் தன் வலுவைக் கணிசமாக இழந்துவிடும். மறுபடி பூட்டினாலும் எஞ்சின் பழைய இழுவையைக் காட்டாது, மின்சாரத்தையும் கூடுதலாகக் குடிக்கும். கம்யூட்டேட்டரை ஆர்மேச்சர் அதன் இடத்தில் இருக்கும்போதே துடைத்துவிடலாம் என்பதால், பிரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

எண்ணெய் விடுவதில் கஞ்சத்தனமே நல்லது. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயை ஒரு ஊசியின் நுனியில் தொட்டு, அச்சுகள் சுழலும் இடங்களில் மட்டும் வைக்க வேண்டும். பற்களுக்குச் சிறிதளவு வெள்ளை கிரீஸ். கம்யூட்டேட்டர் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது. துருப்பிடித்த திருகுகளுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை எஞ்சினுக்குள் அடிப்பவர்கள் உண்டு; அது பிரஷ் வரை பரவி, தூசியைப் பிடித்து, மறுபடி அதே பிசினாகத்தான் முடியும்.

அச்சு வார்ப்பு உலோகத்தில் மெல்லிய விரிசல் வலைபோலத் தெரிந்தாலோ, சட்டகம் உப்பி வளைந்திருந்தாலோ, அது துத்தநாகக் கலவைக்கு வரும் நோய். வார்க்கும்போது ஈயம் போன்ற மாசு சிறிதளவு கலந்திருந்தால், உலோகம் தன் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு நாளடைவில் உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகளில் இது மிகுதி. அதற்கு மருந்து இல்லை. உலர்ந்த இடத்தில், அழுத்தம் படாமல் வைத்திருப்பது மட்டுமே கூடும்.

இவ்வளவும் முடிந்த பின், தண்டவாளத்தில் வைப்பதற்கு முன்பாகவே, மோட்டாரின் இரு முனைகளுக்கும் வயரால் மின்சாரம் கொடுத்து, குறைந்த வோல்ட்டிலிருந்து மெல்ல ஏற்றிச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டர் காட்டும் ஆம்பியரைக் கவனியுங்கள். நல்ல நிலையிலுள்ள எச்.ஓ. அல்லது ஓ.ஓ. எஞ்சின் ஒன்றுக்கு மேல் கேட்பதில்லை. அரைக்குக் கீழேயே நின்றால் மகிழலாம். முதலில் சிறு தீப்பொறிகளும் லேசான வாசனையும் வருவது இயல்பு. புகை எழுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மின்சாரம் கொடுத்ததுமே பவர் சப்ளை துண்டிக்கப்பட்டு, மோட்டாரில் கோளாறு எதுவும் தெரியாமல் இருந்தால், அருகிலிருக்கும் குட்டி கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். ரேடியோ, டி.வி. இரைச்சலைத் தடுக்க அன்று வைத்தது அது. உள்ளே குறுக்கிணைந்துவிட்டால் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

சக்கரங்களின் விளிம்பில் படிந்த கருமையை அகற்றுவதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு பாதிச் சக்கரங்கள் துணியின்மேலும் மறுபாதி வெறும் தண்டவாளத்திலும் நிற்கும்படி பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், துணியின்மேல் சுழலும் சக்கரங்கள் இரண்டு கறுப்புக் கோடுகளை அதில் எழுதித் தாமே சுத்தமாகும். பிறகு எஞ்சினைத் திருப்பிப் பிடித்து மறுபாதி. இழுவைக்காகச் சில சக்கரங்களில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையங்கள் இறுகி வெடித்திருக்கும், அவற்றை மாற்றிவிடலாம்.

தண்டவாளம்

தண்டவாளம் எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது எல்லாம். நிக்கல் சில்வர் வெள்ளி நிறத்தில் இருக்கும், காந்தம் ஒட்டாது, துடைத்தால் போதும். பித்தளை விரைவில் கறுக்கும், அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும், ஆகவே அடிக்கடி துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். மூன்றுக்கும் பொதுவான விதி, உப்புத்தாளாலோ இரும்பு நார்ச்சுருளாலோ தேய்க்கக் கூடாது என்பது. உப்புத்தாள் போடும் நுண்ணிய கீறல்களில் அழுக்கு முன்னைவிட வேகமாகச் சேரும். இரும்பு நார் உதிர்க்கும் மயிரிழைகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு குறுக்கிணைப்புதான். தண்டவாளம் துடைப்பதற்கென்றே விற்கும் அழிரப்பர் கட்டையால் மேற்பரப்பை மட்டும் தேய்த்து, ஆல்கஹால் துணியால் துடைத்துவிட வேண்டும்.

துண்டுகளை இணைக்கும் உலோகத் தகடுகள் தளர்ந்திருந்தால் ரயில் சில இடங்களில் தயங்கும். குறடால் அவற்றை லேசாக நெருக்கிவிடுங்கள். சுற்று பெரிதாக இருந்தால், மின்சாரம் நுழையும் இடத்துக்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு ஜோடி வயரை, இடது வலது மாறாமல் இணைத்துவிட்டால் தயக்கம் மறையும்.

தரைவிரிப்பின்மேல் தண்டவாளம் போட்டு விளையாடியதுதான் பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் விரிப்பின் நூலிழைகள் அச்சுகளில் சுற்றிக்கொண்டு, நீங்கள் செய்த வேலையை ஒரே மாலையில் பாழாக்கிவிடும். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் அமையுங்கள். ஓ.ஓ. செட்டுகளில் வழக்கமான சிறிய வளைவு 371 மி.மீ. ஆரம் கொண்டது, ஆகவே ஒரு வட்டத்துக்குக் குறுக்காக 85 செ.மீ. அகலமாவது தேவைப்படும். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்று இருந்தால், எச்.ஓ.விலோ ஓ.ஓ.விலோ இரண்டு சுற்றுகளும் ஒரு கிளைத்தடமும் தாராளமாக அடங்கும். முதல் ஓட்டத்தைப் பெட்டிகள் இல்லாமல் எஞ்சினை மட்டும் வைத்து, நடுத்தர வேகத்தில் இரு திசைகளிலும் கால் மணி நேரம் வீதம் ஓட்டிவிட்டு, மோட்டார் ஆறிய பிறகு பெட்டிகளைச் சேர்க்க வேண்டும்.

ஸ்லாட் கார்

ரயிலைவிட இதில் வேலை குறைவு, ஆனால் பயன் உடனே தெரியும். காரைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்க அடியில், பள்ளத்துக்குள் இறங்கும் பிளாஸ்டிக் நாக்கின் இருபுறமும் செம்பு இழைகளால் பின்னிய இரண்டு சிறு பட்டைகள் இருக்கும். பள்ளத்தின் இருமருங்கிலும் உள்ள உலோகக் கீற்றுகளை உரசி மின்சாரத்தை எடுப்பவை அவை. நாள்பட்டவை நைந்து, கறுத்து, முனைகள் சிலும்பிக் கிடக்கும். சிலும்பிய இழை ஒன்று பக்கத்துப் பட்டையைத் தொட்டாலே குறுக்கிணைப்பு. புதியவை எளிதில் கிடைக்கின்றன. மாட்டிய பின், பட்டை முழுநீளமும் கீற்றின்மேல் தட்டையாகப் படியும்படி, நுனியில் மட்டும் இழைகளை விரலால் விசிறிபோலப் பிரித்துவிடுங்கள். பலர் பட்டையைக் கீழ்நோக்கி நன்றாக வளைத்துவிடுவார்கள். அப்போது காரின் மூக்கு மேலெழும்பி, வளைவில் நாக்கு பள்ளத்தை விட்டு வெளியேறிவிடும். அளவான அழுத்தமே போதும்.

அரோராவின் எச்.ஓ. கார்களில் பட்டைக்குப் பதிலாக மெல்லிய செம்புத் தகடுகள் இருக்கும். அவற்றில் தடத்தின் உலோகக் கீற்று தேய்த்த பள்ளம் தெரிந்தால் மாற்ற வேண்டும். 1963இல் வந்த தண்டர்ஜெட் கார்களில் ஆர்மேச்சர் தட்டு வடிவில் படுத்திருக்க, பல்சக்கரங்கள் மேல்தட்டில் வெட்டவெளியில் சுழலும். மேல்தட்டில் அச்சுகள் தலைகாட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் ஊசிமுனை எண்ணெய் வைத்தால், அந்தக் காருக்கே உரிய கீச்சென்ற ஓசை மறுபடி கேட்கும்.

டயர்தான் காரின் குணத்தைத் தீர்மானிப்பது. பழைய ரப்பர் டயர் இறுகி, மேலே கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிடும்; கார் நேர்த்தடத்திலேயே வால் ஆட்டும். பின்சக்கரங்கள் நுண்ணிய உப்புத்தாளைத் தொடும்படி காரைப் பிடித்து, குறைந்த வேகத்தில் சுழலவிட்டால், மினுமினுப்பு போய் டயர் முழுதும் ஒரே மங்கலான நிறம் வரும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். விரிசல் விட்ட டயரை மாற்றுவதே சரி. சிலிக்கான் டயர் மாட்டியிருந்தால் தேய்க்கவே கூடாது. ஒட்டும் டேப்பின் பிசின் பக்கத்தில் உருட்டித் தூசியை எடுத்தால் போதும்.

தடத்துண்டுகளின் இணைப்பு நாக்குகள் காலத்தால் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும். இரு துண்டுகளையும் தரையில் தட்டையாக வைத்து, நேராகத் தள்ளியே பூட்ட வேண்டும். தூக்கி வளைத்தால் முறியும். உலோகக் கீற்றுகள் துருவேறியிருந்தால், ரயிலுக்குச் சொன்ன அதே அழிரப்பர் கட்டையால் தேய்த்துத் துடைக்கலாம். கண்ட்ரோலரைப் பிரித்தால் உள்ளே ஒரு மின்தடைச் சுருளும் அதன்மேல் வழுக்கிச் செல்லும் ஒரு தகடும் தெரியும். அந்த உரசும் பாதையைத் துடைத்துவிட்டால், விசையை அழுத்தும்போது வேகம் தாவித் தாவி ஏறுவது நின்று சீராக ஏறும். நெடுநேரம் விளையாடினால் சுருள் சூடாவது இயல்பு, கை பொறுக்காத சூடு இயல்பு அல்ல.

தடத்தை எப்படி அமைப்பது என்பதில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு வயதில் எழுந்த பல சண்டைகளுக்கு அதுவே மூலம். நீள்வட்டத் தடத்தில் வெளிப்பள்ளத்தில் ஓடுபவருக்குத் தூரம் கூடுதல். இரு பள்ளங்களுக்கும் இடைவெளி 8 செ.மீ. என்றால், வளைவுகள் பெரியவையானாலும் சிறியவையானாலும், ஒரு சுற்றுக்கு அந்தக் கூடுதல் ஏறத்தாழ 50 செ.மீ.; பத்துச் சுற்றில் 5 மீட்டர். எட்டு வடிவத்தில் அமைத்தால் ஒரு பக்கம் வெளியே இருப்பவர் மறுபக்கம் உள்ளே வந்துவிடுவதால் கணக்கு நேராகிவிடும். மேம்பாலத்துண்டு இல்லாதவர்கள் பந்தயத்தின் பாதியில் பள்ளத்தை மாற்றிக்கொள்ளலாம். வளைவுகளின் வெளிப்பக்கத்தில் ஓரத்துண்டுகளைக் கட்டாயம் பொருத்துங்கள். காரின் வால் சறுக்கி வெளியே போக இடம் இருந்தால்தான் வளைவை வேகமாக எடுக்க முடியும்.

இன்றைய கார்களின் அடியில் உள்ள காந்தம் அவற்றைத் தடத்தோடு பிடித்துவைக்கிறது. பழைய கார்களில் அது இல்லை. பழைய காரில் காந்தம் ஒட்டிக் கொடுங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். வளைவு வருவதற்கு ஒரு சாண் முன்பாகவே விரலைத் தளர்த்தி, வால் சறுக்கத் தொடங்கும்போது மறுபடி மெல்ல அழுத்திக் காரை நேராக்கும் அந்தக் கைப்பழக்கத்துக்காகவே இந்த விளையாட்டுக்குத் திரும்புகிறோம். காந்தம் அதை இல்லாமல் ஆக்கிவிடும். இதே காரணத்தால் பழைய எஞ்சின்களுக்குள் டிஜிட்டல் கட்டளைகளைப் படித்து மோட்டாரை இயக்கும் டிகோடர் என்ற சிறு மின்னணுப் பலகையைப் பொருத்துவதையும் நான் விரும்புவதில்லை. அதற்காகச் சட்டகத்தை அறுக்கவும் துளையிடவும் நேரும், திரும்ப முடியாது. டிஜிட்டல் வேண்டுவோர் புதிய எஞ்சின் ஒன்றை அதற்கென வாங்கிக்கொள்வது அவர்களுக்கும் நல்லது, பழைய எஞ்சினுக்கும் நல்லது.

குழந்தைகளிடம் கொடுப்பதும் பாதுகாத்து வைப்பதும்

வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட்டுவதற்கே பலர் இவற்றை எடுக்கிறார்கள். பழைய தகரப் பொம்மைகளின் பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் கையில் அவற்றைக் கொடுக்கக் கூடாது, பெரியவர்களும் விளையாடியபின் கை கழுவ வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் எஞ்சினைக் கையிலெடுத்து முறைப்படி தண்டவாளத்தில் வைக்கும் வேலையையே முதலில் கொடுங்கள்: பின்சக்கரங்களை முதலில் பதித்து, பிறகு முன்சக்கரங்களை இறக்கி, பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் உட்கார்ந்துவிடும். ஓட்டுவதைவிட இதைச் செய்வதில்தான் அவர்களுக்குப் பெருமை.

மறுபடி பரணில் போடாதீர்கள். கோடை வெப்பத்தில் பிளாஸ்டிக் நெளியும், மழைக்கால ஈரத்தில் இரும்பு துருவேறும். அறைக்குள்ளேயே, வெயில் படாத அலமாரியில், அமிலம் இல்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் வைக்கலாம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டக் கூடாது. அது உருகி ஒட்டிக்கொள்ளும். கழற்றிய பழைய உறுப்புகள் ஒவ்வொன்றையும் சிறு பையிலிட்டு, எதிலிருந்து எடுத்தது என்று எழுதி, அதே பெட்டிக்குள் போட்டுவையுங்கள். மாதம் ஒரு முறை பத்து நிமிடமாவது ஓட்டினால் எண்ணெய் இறுகாது. பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, எந்த எண்ணெய் விட்டீர்கள், எப்போது விட்டீர்கள், முழு வேகத்தில் எஞ்சின் எத்தனை ஆம்பியர் எடுத்தது என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே எண் கூடியிருந்தால், கம்யூட்டேட்டரை மறுபடி துடைக்கும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.